பேப்பர் பிளேன்ஸ் (பாடல்)

பேப்பர் பிளேன்ஸ் என்பது ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பாடகி மாயா அருள்பிரகாசம் எழுதிப் பாடிய ஆங்கிலப் பாடல் ஆகும். இவர் எம்.ஐ.ஏ. என்ற மேடைப் பெயரால் அறியப்படுகிறார். 'காகித விமானங்கள்' என்று பொருள்படும் இப்பாடல் 2007-இல் வெளிவந்த 'கலா' என்னும் இசைத்தொகுப்பில் இடம்பெற்று, 2008-இல் தனிப்பாடலாக வெளியிடப்பட்டது. ஆங்கில ராக் பாடல் ஒன்றிலிருந்து எடுத்த கிதார் இசையின் மேல் மின்னணுத் தாளத்தையும் ஹிப் ஹாப் பாணிப் பாட்டையும் அமைத்து இது உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பாடல்கள் பட்டியலில் 4-ஆம் இடத்தையும், ஐக்கிய இராச்சியப் பட்டியலில் 19-ஆம் இடத்தையும் பிடித்தது.

துப்பாக்கி வெடிக்கும் ஓசையைப் பல்லவியில் கொண்ட இப்பாடல் வன்முறையைப் போற்றுகிறது என்று சிலர் கருதினர். குடியேறிகளைப் பற்றி உலகம் கொண்டுள்ள அச்சத்தைக் கேலி செய்கிறது என்பது பாடகியின் விளக்கம். இந்த இரு கருத்துகளுக்கும் காரணமான பாடலின் அமைப்பு, அது உருவான சூழல், அதன் வெற்றி ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

பாடகி

மாதங்கி மாயா அருள்பிரகாசம் 1975 சூலை 18 அன்று லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பியது. 'அருளர்' என்று அறியப்பட்ட இவருடைய தந்தை, ஈரோஸ் என்னும் ஈழ மாணவர் அமைப்பின் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவர். அரசியல் பணியால் தந்தை பெரும்பாலும் வீட்டில் இல்லை. போர்ச்சூழல் காரணமாகக் குடும்பம் இடம்பெயர்ந்து சில காலம் சென்னையிலும் வாழ்ந்தது. 1986-இல் தாய் கலாவும் பிள்ளைகளும் ஏதிலிகளாக லண்டன் சென்றனர். தெற்கு லண்டனின் மிட்சம் பகுதியில் இருந்த அரசுக் குடியிருப்பில் தங்கினர். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

மாயா லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் பயின்றார். எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமற்போனவர்களைக் குறிக்கும் ஆங்கில இராணுவச் சொற்றொடரின் சுருக்கம். இவருடைய முதல் இசைத்தொகுப்பு 2005-இல் தந்தையின் பெயரால் 'அருளர்' என்று வெளிவந்தது. இரண்டாம் தொகுப்புக்குத் தாயின் பெயரையும், பின்வந்த இரண்டு தொகுப்புகளுக்குத் தம் பெயரின் இரு பகுதிகளையும் சூட்டினார்: மாயா (2010), மாதங்கி (2013).

கலா இசைத்தொகுப்பும் சென்னையும்

இரண்டாம் தொகுப்பை அமெரிக்காவில் தங்கி உருவாக்குவது மாயாவின் திட்டமாக இருந்தது. 2006-இல் அந்நாட்டுக்குள் செல்ல விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டது. ஆகவே அவர் இந்தியா, திரினிடாடு, சமைக்கா, லைபீரியா, ஆத்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று, ஆங்காங்கே கேட்ட இசையைப் பதிவு செய்தார். ஒரு நாடு கதவைத் திறக்கத் தயங்கியதால் பல நாட்டு இசை ஒரே தொகுப்பில் வந்து சேர்ந்தது.

சென்னையில் இவர் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமானைச் சந்தித்தார். கோடம்பாக்கத்திலுள்ள ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் தமிழ் மேளக் கலைஞர்களின் வாசிப்பு பதிவு செய்யப்பட்டது. அத்தொகுப்பின் 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' ஆகிய பாடல்களில் உறுமியின் ஓசையைத் தெளிவாகக் கேட்கலாம். உறுமி இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தைக் குச்சியால் அடித்தும், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் வாசிப்பர். தேய்க்கும்போது எழும் உறுமல் ஓசையே பெயருக்குக் காரணம். தென்மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் கேட்டுப் பழகிய இவ்வோசை, மேலைநாட்டு நடன அரங்குகளுக்கு இப்பாடல்கள் வழியாகச் சென்றது.

அத்தொகுப்பின் முதல் பாடலான 'பாம்பூ பாங்கா', தளபதி (1991) படத்துக்காக இளையராசா அமைத்த பாடலொன்றின் பகுதியைப் பயன்படுத்துகிறது. 'ஜிம்மி' என்ற பாடல், டிஸ்கோ டான்சர் (1982) என்ற இந்திப் படத்துக்காகப் பப்பி லாகிரி அமைத்த பாடலின் மறு ஆக்கம் ஆகும். 2007 ஆகத்து மாதம் வெளிவந்த 'கலா' அமெரிக்காவின் இசைத்தொகுப்புப் பட்டியலில் 18-ஆம் இடம் பெற்றது. ரோலிங் ஸ்டோன் இதழ் அதை அவ்வாண்டின் சிறந்த இசைத்தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது.

பாடலின் அமைப்பு

பேப்பர் பிளேன்ஸ் பாடலை டிப்ளோ, சுவிட்ச் என்ற மேடைப் பெயர்களைக் கொண்ட இருவர் தயாரித்தனர். அதன் அமைப்பை மூன்று அடுக்குகளாகப் பிரித்து நோக்கலாம்.

முதல் அடுக்கு கிதார் இசை. இது புதிதாக வாசிக்கப்பட்டதன்று. த கிளாஷ் என்ற ஆங்கில ராக் குழு 1982-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் தொடக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே பதிவான ஒலியின் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் பொருத்துவதை 'சாம்பிளிங்' என்பர். தமிழில் மாதிரியெடுத்தல் எனலாம். அத்துண்டை முடிவும் தொடக்கமும் இசைந்து சேரும்படி மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது 'லூப்' எனப்படும். வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையை வளர்த்துக்கொண்டு போக, குடமும் உடுக்கையும் ஒரே நடையை விடாமல் தாங்கி நிற்கின்றன அல்லவா? அந்தப் பணியையே இங்கு லூப் செய்கிறது. வில்லுப்பாட்டில் மனிதக் கை தாங்குவதை, இங்குக் கணினி தாங்குகிறது.

இரண்டாம் அடுக்கு மின்னணுத் தாளமும் அதன்மேல் மாயாவின் குரலும். அவர் உரத்துப் பாடவில்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட, சற்றே சலிப்புத் தொனிக்கும் குரலில் சொற்களை அடுக்குகிறார்.

மூன்றாம் அடுக்கு பல்லவி. இதை லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள் சேர்ந்து பாடுகின்றனர். வரியின் நடுவில் சொற்கள் நின்றுவிட, அவ்விடத்தைத் துப்பாக்கி வெடிகளும், குண்டு ஏற்றும் ஓசையும், கடைப் பணப்பெட்டி திறக்கும் மணியோசையும் நிரப்புகின்றன. அதன்பின் பணத்தைப் பறிக்க வந்திருப்பதாகச் சொல்லும் சொற்களோடு வரி முடிகிறது. பல்லவியின் வடிவம் 1992-இல் வெளிவந்த 'ரம்ப் ஷேக்கர்' என்ற அமெரிக்கப் பாடலின் பல்லவியைத் தழுவியது. பழைய ஒலிப்பதிவை அப்படியே எடுப்பது சாம்பிளிங். பழைய பாட்டின் வடிவத்தை மட்டும் எடுத்துப் புதிதாகப் பாடிப் பதிவது தழுவல். இப்பாடலில் இரண்டும் உள்ளன.

எடுத்தாளப்பட்ட பாடல்

த கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', 'காம்பாட் ராக்' என்னும் இசைத்தொகுப்பில் உள்ளது. இங்கிலாந்தின் வடபகுதியில் உருக்காலைகள் மூடப்பட்ட காலத்தில் குடியேறிகள் வெறுக்கப்பட்டதை அப்பாடல் பேசுகிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்களுக்கும் வியட்நாமியப் பெண்களுக்கும் பிறந்து, தந்தையரால் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் பேசுகிறது. எங்கும் சொந்தம் கொண்டாட முடியாதவர்களே அதன் பொருள்.

ஆகவே மாயா அந்தக் கிதார் இசையை எடுத்தாண்டது வெறும் இனிமைக்காக என்று கொள்ள முடியாது. 1982-இல் ஆங்கிலேய இளைஞர்கள் குடியேறிகளைப் பற்றி வெளியிலிருந்து பாடினர். கால் நூற்றாண்டுக்குப் பின் ஏதிலியாக வந்த ஒரு பெண் அதே இசையின்மேல் உள்ளிருந்து பாடினார். முதல் பாடல் துயரத்தோடு ஒலிக்கிறது. இரண்டாவது நையாண்டியோடு ஒலிக்கிறது.

பாடலின் பொருள்

பாடலில் பேசும் பாத்திரம் போலி விசா தயாரித்துத் தருபவர், எல்லைகளைக் கடப்பவர், பணத்துக்காக எதையும் செய்யத் துணிந்தவர். இந்தப் பாத்திரம் மாயா அல்லர். செல்வ நாடுகளில் வாழும் ஒருவர் குடியேறியைப் பார்க்கும்போது அவர் மனத்தில் எழும் அச்சமே இப்பாத்திரமாக உருவெடுத்துள்ளது. குடியேறிகளும் ஏதிலிகளும் சமூகத்துக்கு எதையும் தருவதில்லை, எடுத்துக்கொள்ள மட்டுமே வருகிறார்கள் என்ற எண்ணத்தையே தாம் கேலி செய்ததாக மாயா விளக்கினார். பாடல் எழுதிய காலத்தில் தமக்கு ஏற்பட்ட விசா அலைச்சலும், நியூயார்க் புரூக்ளின் பகுதியில் உழைக்கும் குடியேறி மக்களும் நினைவில் இருந்ததாகவும் அவர் கூறியுள்ளார்.

தலைப்பிலும் இரு பொருள் உண்டு. காகித விமானம் குழந்தையின் விளையாட்டுப் பொருள். அது எந்த எல்லையிலும் நிறுத்தப்படுவதில்லை. மனிதர் எல்லை கடக்க வேண்டுமானால் கடவுச்சீட்டு, விசா, அடையாள அட்டை என்னும் காகிதங்கள் வேண்டும்.

தமிழ் இலக்கணம் பயிலும் மாணவர்க்கு இவ்வகைக் கூற்று புதிதன்று. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை மறைத்துச் சொல்வது பின்னது. பேப்பர் பிளேன்ஸ் இரண்டாம் வகைக்கு நெருக்கமானது. பழிகரப்பு அங்கதத்தில் எப்போதும் ஓர் இடர் உண்டு: மறைந்திருக்கும் பழியைக் காணாதவர் மேற்சொல்லையே உண்மை என்று கொள்வர். இப்பாடலுக்கு நேர்ந்ததும் அதுவே.

ஒலி நீக்கமும் எதிர்ப்பும்

2007-இல் மாயா அமெரிக்காவின் டேவிட் லெட்டர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இப்பாடலைப் பாடினார். ஒளிபரப்பில் துப்பாக்கி ஓசைகள் வேறு ஓசைகளாக மாற்றப்பட்டிருந்தன. எம்டிவி தொலைக்காட்சியும் பாடலின் காணொளியில் இதே மாற்றத்தைச் செய்தது. மாயா இதை ஏற்கவில்லை. குடியேறியாக வந்தவர்களுள் பலர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள் என்றும், துப்பாக்கி ஓசை அவர்களுடைய அன்றாட வாழ்வில் கேட்ட ஒன்று என்றும் அவர் வாதிட்டார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் அறிவது நலம். பாடலைக் கேட்கும் சிறுவர் அதன் உள்ளர்த்தத்தை அறியாமல் வெடியோசையை மட்டும் மகிழ்ந்து பாடுவர் என்பது ஒரு கவலை. போரையும் வறுமையையும் காட்டிப் புகழும் பொருளும் ஈட்டலாமா என்பது மற்றொரு கேள்வி. முதல் கவலைக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல முடியாது. எனினும் ஓசையை நீக்கினால் பாடலின் கேலியும் நீங்கிவிடும். யாருடைய அச்சத்தைப் பாடல் காட்டுகிறதோ, அந்த அச்சம் ஒலிக்கும் இடமே பல்லவி.

பாடலின் காணொளி அமைதியானது. பெர்னார்ட் கவர்ஸ் இயக்கிய அதில் மாயா நியூயார்க் தெருவில் வண்டியில் உணவு விற்கிறார்; வானில் காகித விமானங்கள் பறக்கின்றன. பீஸ்டி பாய்ஸ் என்ற புகழ்பெற்ற குழுவின் இருவர் வாடிக்கையாளர்களாகத் தோன்றுகின்றனர். பாட்டில் கொள்ளையராகப் பேசுபவர், காட்சியில் உழைத்துப் பிழைப்பவராக இருக்கிறார். இந்த முரணே பாடலைப் புரிந்துகொள்ள உதவும் குறிப்பு.

வெற்றி

பாடல் வெளிவந்தவுடன் பெருவெற்றி பெறவில்லை. இசைத்தொகுப்பு 2007-இல் வந்தும், 2008-இன் நடுப்பகுதி வரை இசை ஆர்வலர் வட்டத்திலேயே இப்பாடல் பெரிதும் பேசப்பட்டது. 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஆலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் பாடல் பயன்படுத்தப்பட்டதும் நிலைமை மாறியது. மக்கள் பாடலைத் தேடி இணையத்தில் விலைக்கு வாங்கிப் பதிவிறக்கினர். 2008 செப்டம்பரில் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடத்தை எட்டியது. அமெரிக்காவில் பல மடங்கு பிளாட்டினச் சான்றிதழ் பெற்றது. அந்நாட்டில் ஒரு பிளாட்டினம் என்பது 10 இலட்சம் படிகளைக் குறிக்கும்.

அதே ஆண்டில் டேனி பாயில் இயக்கிய 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில், சிறுவர்கள் இரயிலில் ஊர் ஊராகச் சென்று பிழைக்கும் காட்சிகளுக்குப் பின்னணியாக இப்பாடல் அமைந்தது. அப்படத்துக்காக ரகுமானும் மாயாவும் இணைந்து 'ஓ... சாயா' பாடலை உருவாக்கினர். அது 2009 ஆசுக்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ' பாடலுக்குச் சென்றது.

2009 பிப்ரவரி 8 அன்று நடந்த 51-ஆவது கிராமி விருது விழாவில், ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரைப் பட்டியலில் பேப்பர் பிளேன்ஸ் இடம்பெற்றது. விருது ராபர்ட் பிளான்ட், ஆலிசன் கிராஸ் இணையின் பாடலுக்கு வழங்கப்பட்டது. எனினும் அவ்விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த மாயா மேடையேறிப் பாடியது பரவலாகப் பேசப்பட்டது. மூன்று நாள்களில் அவருக்கு மகன் பிறந்தான். அன்று ஜே-சி, கானியே வெஸ்ட், டி.ஐ., லில் வெய்ன் ஆகியோருடன் அவர் பாடிய 'சுவாகா லைக் அஸ்' பாடல், பேப்பர் பிளேன்ஸ் பாடலில் வரும் அவர் குரலின் ஒரு துண்டை எடுத்து உருவானது. பிறர் இசையை எடுத்தாண்ட பாடல், பிறர் எடுத்தாளும் பாடலாகவும் ஆயிற்று. 2021-இல் ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட 500 சிறந்த பாடல்களின் பட்டியலில் இதற்கு 46-ஆம் இடம் கிடைத்தது.

எடுத்தாளலும் உரிமையும்

பிறர் இசையை எடுத்தாளுவது திருட்டா என்ற ஐயம் மாணவரிடையே எழுவது இயல்பு. விடை, அனுமதியிலும் பங்கிலும் உள்ளது. ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் சொல்லும் அமைத்தவருக்கு உரியது ஒன்று. அதன் ஒலிப்பதிவுக்கு உரியது மற்றொன்று. சாம்பிளிங் செய்பவர் இரண்டுக்கும் இசைவு பெற வேண்டும். பேப்பர் பிளேன்ஸ் பாடலை ஆக்கியோர் வரிசையில் மாயா, டிப்ளோ ஆகியோரோடு த கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டாப்பர் எடன் ஆகிய நால்வரின் பெயர்களும் உள்ளன. பாடல் ஈட்டும் வருவாயில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ரம்மர் 2002-இலேயே காலமானவர் என்பது குறிப்பிடத்தக்கது. உரிமை படைப்பாளியின் வாழ்நாளோடு முடிவதில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி இசைப் படைப்புக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். திரைப்படப் பாடல்களை எழுதியோரும் இசையமைத்தோரும் உரிமைத்தொகை பெறுவதை 2012-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் உறுதிசெய்தது. இன்று கைப்பேசியில் பாடல் உருவாக்கும் மாணவர்கள் பிறர் ஒலியைப் பயன்படுத்துமுன் அறிய வேண்டிய செய்தி இது.

தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புரூக்ளின் தெருவில் படமாக்கப்பட்ட பாடலுக்கும் நெல்லைச் சீமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இலங்கையின் பழைய பெயர்களுள் ஒன்று தம்பபண்ணி. கிரேக்கர் அதைத் தப்ரபேன் என்றனர். தாமிரபரணி என்னும் ஆற்றின் பெயரோடு இப்பெயர் ஒத்திருப்பதை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். ஆறு கடலில் கலக்கும் பகுதியிலிருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடலின் இரு கரைகளுக்கும் இடையே போக்குவரத்து மிகப் பழைமையானது.

19-ஆம் நூற்றாண்டில் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் திருநெல்வேலி உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் கங்காணிகளின் வழியே இலங்கைக்குச் சென்றன. தூத்துக்குடித் துறைமுகம் அவர்களுக்கு ஒரு வாயில். 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அம்மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தலைமுறையாக உழைத்த மண்ணில் பிறப்பை மெய்ப்பிக்கும் காகிதம் அவர்களிடம் இல்லை. 1964-இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் எண்ணிக்கையால் அவர்களைப் பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரின் நிலை பின்னரே முடிவு செய்யப்பட்டது.

மாயாவின் குடும்பம் இம்மலையக மக்களைச் சேர்ந்ததன்று, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. 1983-க்குப் பின் போரால் பெயர்ந்தோரின் வரலாறு அவருடையது. அக்காலத்தில் படகில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் திருநெல்வேலி மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். 2021-இல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாமில் பிறந்து இங்கேயே படித்து வளர்ந்தவர்களுள் பலருக்கும் குடியுரிமை இன்னும் தீராத கேள்வி. வகுப்பில் பக்கத்தில் அமர்ந்து படித்த நண்பருக்குக் கடவுச்சீட்டு விண்ணப்பம் என்பது வேறு பொருள் தரும் என்பதை இவ்வட்டார மாணவர்கள் நேரில் அறிவர். காகித விமானம் என்ற தலைப்பை விளக்க அவர்களுக்கு அமெரிக்க எடுத்துக்காட்டு தேவைப்படாது.

பிற்காலம்

2009-இல் டைம் இதழ் உலகின் செல்வாக்குமிக்க நூறு பேருள் ஒருவராக மாயாவைக் குறிப்பிட்டது. அவ்வாண்டில் இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பம் குறித்து அவர் மேலை ஊடகங்களில் தொடர்ந்து பேசினார். பேப்பர் பிளேன்ஸ் தேடித்தந்த புகழே அந்த மேடைகளை அவருக்கு அளித்தது. அவர் வாழ்க்கை பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய ஆவணப்படம் 2018-இல் வெளிவந்தது. 2019-இல் இசைப் பணிக்காக அவருக்குப் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. பட்டம் அறிவிக்கப்பட்டது. அத்தகைய பதக்கங்களுக்கான நாடாக்களைத் தைக்கும் தொழிலில் பல்லாண்டுகள் ஈடுபட்டவர் தம் தாயார் கலா என்று மாயா அப்போது குறிப்பிட்டார். குடியேறிகள் எடுத்துக்கொள்ள மட்டுமே வருகிறார்கள் என்ற கூற்றுக்கு அத்தாயாரின் உழைப்பே மறுமொழி.